ஒளியால் நஞ்சாதல்: ஒரு கலைச்சொல்லும் அதன் பொருளும்

நஞ்சு என்பதனை ஒரு பொருளின் பெயராகவே நாம் வழங்கி வருகிறோம். பாம்பின் நஞ்சு, அரளியின் நஞ்சு, எட்டிக்கொட்டையின் நஞ்சு என்னும்போது, அப்பொருள் பகலிலும் இரவிலும், வீட்டினுள்ளும் வெளியிலும், என்றும் நஞ்சாகவே இருக்கும் என்னும் எண்ணம் அச்சொல்லோடு உடன் வருகிறது. இவ்வெண்ணத்திற்கு மாறான பொருள்கள் சில செடிகளில் உள்ளன. அவை இருளில் தீங்கு செய்யாமலோ, சிறிதளவே தீங்கு செய்தோ கிடக்கின்றன. வெயில் பட்ட அளவிலே கொல்லுந்தன்மை பெறுகின்றன. அவற்றை உண்ட புழு நிழலில் பிழைத்திருத்தலும், வெளிச்சத்திற்கு வந்தபின் இறத்தலும் உண்டு.

எம் பல்கலைக்கழகத்தில் பயிர்நூல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், தம் மாணவர்க்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுங்கால், இதற்கு ஒரு சொல் தருமாறு என்னைக் கேட்டார். யான் சற்றும் தாழாது ‘ஒளிநஞ்சு’ என்றேன். அவரும் மகிழ்ந்து குறித்துக்கொண்டு சென்றார். சில மாதங்கள் கழித்து ஒரு விடைத்தாளோடு திரும்பி வந்தார். மாணவர் ஒருவர் அச்சொல்லை ‘ஒளியினது நஞ்சு’ என ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்துக்கொண்டு, வெயிலே புழுவைக் கொல்கிறது என்றும், செடிக்கு அதில் பங்கு இல்லை என்றும் எழுதியிருந்தார். பாம்பு நஞ்சு பாம்பினது நஞ்சு ஆயின், ஒளிநஞ்சு ஒளியினது நஞ்சு ஆகாதோ? மாணவர் இலக்கணம் அறிந்தவர். பொருளை அறியாமல் சொல்லைப் படைத்தவன் யானே. அதன்பின் நண்பரிடம் கேட்டும், அவர் தந்த கட்டுரைகளைப் பயின்றும் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகிறேன். இதனைப் படிப்போருள் கலைச்சொற் குழுக்களில் அமர்வோரும், மருத்துவச் சுவடிகளைப் பதிப்போரும் இருப்பர். அவ்விரு சாரார்க்கும் இச்செய்தி வேண்டப்படுவது.

முதலில் நிகழ்ச்சி அறியப்பட்ட வரலாற்றைக் காண்போம். அது பூச்சியிலிருந்து தொடங்கவில்லை. 1897-98 குளிர்காலத்தில், செருமனி நாட்டு மியூனிக் நகரில், தாப்பைனர் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஆசுகர் இராப் என்னும் மருத்துவ மாணவர், அக்கிரிடின் என்னும் வேதிப்பொருள் நீரில் வாழும் பரமீசியம் என்னும் நுண்ணுயிரை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளந்து வந்தார். ஒரே அளவு மருந்து, ஒரே வகை உயிர். ஆயினும் ஒருநாள் விரைவில் கொன்றது, மற்றொருநாள் நெடுநேரம் ஆயிற்று. இத்தகைய வேறுபாட்டைச் சோதனைப் பிழை என்று தள்ளிவிடுதல் எளிது. இராப் அவ்வாறு தள்ளாமல், அந்நாள்களில் ஆய்வறையில் இருந்த வெளிச்சத்தின் அளவு வேறுபட்டதனைக் கண்டார். மருந்தும் இருளும் சேர்ந்தால் உயிர்கள் பிழைத்தன. மருந்தின்றி ஒளி மட்டும் பட்டாலும் பிழைத்தன. இரண்டும் கூடியபோதே இறந்தன. 1900-இல் அவர் இதனை வெளியிட்டார். 1904-இல் தாப்பைனரும் அவருடன் உழைத்த யோடில்பவரும் இந்நிகழ்ச்சிக்கு உயிர்வளியும் வேண்டும் என்று காட்டி, அதற்கு ஒரு தனிப்பெயரும் இட்டனர். நாம் அதனை ‘ஒளிவினை’ என்போம். 1928-இலேயே ஒளிரும் சாயங்களை நீரிற் கலந்து, வெயிலில் கொசுப்புழுக்களைக் கொல்லும் முயற்சி பற்றி ஒருவர் எழுதினார். அது சாயத்தைப் பற்றியது. செடியில் இயல்பாக உள்ள பொருளைப் பற்றியதன்று.

செடிக்கு வருவோம். இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட சான்று, நம் வீட்டு வாயில்களிலும் மாலைக் கடைகளிலும் காணும் துலுக்கச் சாமந்தியே. பெயரைக் கொண்டு இதனை மேற்கு ஆசிய நாடுகளிலிருந்து வந்தது என்று கருதுவார் உளர். இதன் தாயகம் மெக்சிக்கோவும் அதனை அடுத்த நடு அமெரிக்க நாடுகளுமாகும். ஐரோப்பியர் அமெரிக்காவை அடைந்த பின்னரே நம் நாட்டிற்கு வந்தது. அயலிலிருந்து வந்த பொருளுக்குக் கொணர்ந்தோர் பெயரையோ, கொணர்ந்தோர் எனக் கருதப்பட்டவர் பெயரையோ இடுதல் உலக வழக்கு என்பதற்கு இதுவும் ஒன்று. 1947-இல் அமெரிக்க வேதியியலார் செக்மைசிட்டரும் சீசும் இச்செடியின் பூவிலிருந்து, நீலமாய் ஒளிரும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். கந்தக அணு ஒன்று அமைந்த ஐந்து முனை வளையம் மூன்று, ஒன்றோடொன்று கோத்த வடிவினது அது. இதற்கு ஆல்பா-தெர்தையனில் என்று பெயர். பூவினும் வேரில் இது மிகுதியாக உண்டு.

அவ்விருவர்க்கும் அஃது ஓர் அழகிய வேதிப்பொருளாகவே இருந்தது. அதற்கு என்ன தொழில் என்பது வேறு வழியாக வெளிப்பட்டது. ஆலந்து நாட்டில், துலுக்கச் சாமந்தி வளர்ந்த நிலத்தில் அடுத்துப் பயிரிடும் செடிகளின் வேரை நூற்புழுக்கள் தாக்குதல் குறைகிறது என்பது 1950-களில் ஆராயப்பட்டது. (நூற்புழு பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று, எனினும் இவ்வரலாற்றில் அதனை விடுதல் இயலாது.) 1958-இல் ஊலன்புரூக்கு, பைலோ என்னும் இருவர், நூற்புழுவைக் கொல்வது வேரில் உள்ள இதே தெர்தையனில் என்றும், அதன் உறவுப் பொருள் ஒன்று என்றும் காட்டினர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1972-இல், கோமர்சு என்பவர் ஒளி பட்டால் அதன் கொல்லும் ஆற்றல் பன்மடங்கு பெருகுகிறது என்று கண்டார். இராப் கண்ட அதே முடிச்சு மீண்டும் அவிழ்ந்தது. 1981-இல் ஆர்னசன், தவர்சு முதலிய கனடா நாட்டு ஆய்வாளர், சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளின் இத்தகைய பொருள்கள் கொசுப்புழுவைக் கொல்லுதலை ஆராய்ந்து வெளியிட்டனர். கொசுப்புழுவின் உடல் ஒளி ஊடுருவத்தக்கது; நீரின் மேற்பரப்பில் தலைகீழாய்த் தொங்கி வெயிலில் கிடப்பது. இந்நஞ்சிற்கு அதனினும் ஏற்ற இரை வாய்த்தல் அரிது.

இனி, வினை எவ்வாறு நிகழ்கிறது என்பது. தெர்தையனில் மூலக்கூறு, கதிரவன் ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களுள் நீள அலையினவாகிய பகுதியை (ஏறத்தாழ 320 முதல் 400 நானோமீட்டர்) விழுங்குகிறது. விழுங்கிய ஆற்றலால் அது கிளர்ச்சியுற்ற நிலை எய்துகிறது. அந்நிலையில் அருகில் உயிர்வளி மூலக்கூறு இருப்பின், தான் பெற்ற ஆற்றலை அதற்குக் கொடுத்துவிட்டுத் தான் பழைய நிலைக்கு மீள்கிறது. ஆற்றல் பெற்ற உயிர்வளியோ, நாம் மூச்சில் இழுக்கும் அமைதியான உயிர்வளி அன்று. இதனை ஒற்றைநிலை உயிர்வளி என்பர். 1931-இல் கவுட்சிகி என்பவர் இத்தகைய ஒன்று இடைநின்று தொழிற்படுகிறது என்று கூறினார். 1960-களிலேயே அறிஞர் பலரும் அதனை ஏற்றனர். இது தான் தொட்ட கொழுப்பு, புரதம் ஆகியவற்றோடு உடனே வினைபுரிந்து, உயிரணுவின் மென்றோலைச் சிதைக்கிறது. நீரில் அதன் ஆயுள் ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் மூன்று நான்கு கூறு அளவே. ஆதலின் தான் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தொலை செல்லாது. புழுவின் உடலுக்குள் தெர்தையனில் புகுந்திருந்தால் மட்டுமே அப்புழு இறக்கும். இலைமேல் உருவாகும் உயிர்வளி அருகில் ஊரும் புழுவை ஒன்றும் செய்யாது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் தமிழ் மாணவர் உன்னுதற்குரியன. ஒன்று, தெர்தையனில் இவ்வினையில் செலவாவதில்லை என்பது. ஓர் உயிர்வளி மூலக்கூற்றை எழுப்பிவிட்டு மீண்டும் ஒளியை விழுங்கி, மற்றொன்றை எழுப்பும். (காலப்போக்கில் அதுவும் வெயிலில் சிதையும்; ஆனால் அச்சிதைவு இவ்வினையின் பகுதியன்று.) மற்றொன்று, புழுவைத் தாக்கும் பொருள் செடியினுடையதே அன்று; புழு தான் உயிர்த்தற்கு உட்கொண்ட வளியே.

அங்ஙனமாயின், ‘சாமந்தி புழுவைக் கொன்றது’ என்னும் தொடரில் எழுவாய் யாது? தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டியவை வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி முதலாக எட்டு என்று வகுத்தார். உரைகாரர் அவற்றை வனைதல் தொழிலில் வைத்து விளக்குவர். வேதியியலார் ஒரு நிகழ்ச்சியை ஆராயும்போது கேட்கும் வினாக்களும் இவையே: செய்வது எது, எதனைக் கொண்டு, எப்பொழுது, எவ்விடத்து? நஞ்சு என்னும் பெயர்ச்சொல் இவ்வினாக்கள் அனைத்தையும் மூடிவிடுகிறது. அரளிக்கு அம்மூடல் தீங்கின்றிப் போகலாம். இங்கோ காலமும் நிலமும் மாறினால் கொலையே நிகழாது.

மூன்றாம் வேற்றுமைக்குப் பிற்காலத்து இலக்கணிகள் செய்த பகுப்பு ஈண்டுப் பெரிதும் துணைசெய்கிறது. கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டாக்கினர். அரசனால் ஆகிய கோயில் என்பதும் தச்சனால் ஆகிய கோயில் என்பதும் எடுத்துக்காட்டு. கருவியையும் முதற்கருவி, துணைக்கருவி என இரண்டாக்கினர். மண்ணால் ஆகிய குடத்தில் மண் குடமாகவே மாறிவிடுகிறது, திரிகையால் ஆகிய குடத்தில் திரிகை குடத்தோடு சேராமல் தனியே நிற்கிறது. இவ்வளவையால் நோக்கினால், ஒளி ஏவுதற் கருத்தா. கிளர்ந்த உயிர்வளி இயற்றுதற் கருத்தா. சாமந்தியின் தெர்தையனில் துணைக்கருவி. ஒளிக்கு உள்ளம் இல்லையே, அஃது ஏவுமோ எனின், அஃதொக்கும். இலக்கண வழக்கில் உள்ளமில்லாதவற்றையும் வினைமுதலாகக் கூறுகிறோம் என்பதே விடை.

இப்பகுப்பு வெறும் விளையாட்டன்று என்பதனை மற்றொரு வகை நஞ்சு காட்டும். கார்போகரிசியை நம் மருத்துவர் நன்கறிவர். வெண்படைக்குச் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வழங்கும் விதை அது. 1933-இல் சோயிசு, மஞ்சுநாத், வேங்கடராவ் என்னும் இந்திய வேதியியலார் இவ்விதையினை ஆராய்ந்து வெளியிட்டனர். இதிலிருந்து கிடைத்த பொருளுக்கு, விதையின் பயிர்நூற் பெயராகிய சோரலியா என்பதிலிருந்தே, சோரலின் என்று பெயராயிற்று. சோரலினும் அதன் இனத்தனவும் கேரட்டு, செலரி முதலிய செடிகளின் குடும்பத்திலும், எலுமிச்சைக் குடும்பத்திலும், அத்தி மரத்தின் பாலிலும் காணப்படுகின்றன. இவை தொழிற்படும் முறை வேறு. சோரலின் மூலக்கூறு தட்டையானது. உயிரணுவின் மரபிழையில், ஏணிப்படிகளுக்கு இடையே நுழைந்த பலகைபோல, சென்று கிடக்கிறது. அதுவரை பெருந்தீங்கு இல்லை. புற ஊதாக் கதிர் பட்டவுடன் அது மரபிழையின் ஒரு புரியோடும், பின் மற்றொரு புரியோடும் பிணைந்துகொள்கிறது. இரு புரியும் ஒன்றாய்த் தைக்கப்படவே, பிரியவேண்டிய நேரத்தில் அவை பிரியமாட்டா. அணு பெருகமாட்டாது இறக்கும். இதற்கு உயிர்வளி வேண்டுவதில்லை. சோரலின் தானே விளைபொருளின் பகுதியாகிவிடுகிறது. ஆகவே இது மண்போல முதற்கருவி. தெர்தையனில் திரிகைபோலத் துணைக்கருவி. ஆங்கில நூல்கள் பலவும் இவ்விரண்டையும் ஒரே பெயரால் அடக்கிப் பின்னர்ப் பத்திகளால் வேறுபடுத்துகின்றன. நம் இலக்கணத்தில் அவ்வேறுபாட்டிற்குச் சொல் முன்பே உள்ளது.

சோரலின் இனத்தைச் சேர்ந்த சாந்தோடாக்சினைப் பற்றிய ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. 1978-இல் மே பெரன்பாம் என்னும் அமெரிக்க அம்மையார், பல செடிகளையும் தின்னும் படைப்புழு ஒன்றற்கு, உணவில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாந்தோடாக்சின் கலந்து ஊட்டினார். அவை அனைத்தும் இறந்தன. புற ஊதாக் கதிரை நீக்கியபோது நஞ்சின் கடுமை குறைந்தது. குறைந்தது என்றுதான் கூறலாம். முற்றும் நீங்கிற்று என்று கூறல் பொருந்தாது. ஆதலின் இப்பொருள்களை ‘இருளில் அமுது, வெயிலில் நஞ்சு’ என்று அணிபடக் கூறுவார் கூற்றை அப்படியே கொள்ளலாகாது.

செடி இவ்வாறு படைக்கலம் ஏந்தினால், பூச்சி வாளா இருக்குமோ? இப்பகுதியே இவ்வாராய்ச்சியில் என்னைப் பெரிதும் கவர்ந்தது. கருத்தா, கருவி, காலம், நிலம் என்றவற்றுள் யாதானும் ஒன்றை நீக்கினால் தொழில் நிகழாது அன்றோ? பூச்சிகள் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டுகின்றன.

இலைகளை நூலால் பிணைத்துச் சுருட்டி அதனுள் இருந்து தின்னும் புழுக்களை நாம் அறிவோம். பறவைக்கு அஞ்சி ஒளிகின்றன என்பதே பொதுவாகக் கூறும் காரணம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஹைப்பெரிக்கம் என்னும் மஞ்சட்பூச் செடி உண்டு. அதன் இலையில் கருஞ்சிவப்பான ஹைப்பெரிசின் என்னும் ஒளிவினைப் பொருள் சிறு புள்ளிகளாய் அமைந்துள்ளது. சாண்டுபர்க்கும் பெரன்பாமும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், இச்செடியைத் தின்னும் புழு இலைகளைப் பிணைத்துக்கொள்வது ஒளியைத் தடுக்கும் வழியாகவும் அமைகிறது என்று காட்டினர். புழு தன் வீட்டைத் தானே இருட்டாக்கிக்கொண்டு உண்கிறது. ஏவுதற் கருத்தாவை வாயிலில் நிறுத்திவிட்டது என்க. அதே செடியைத் தின்னும் கிரைசோலினா என்னும் வண்டுக்கு மினுமினுக்கும் கருநிற மேலோடு உண்டு. அவ்வோடு ஒளியை உட்செல்ல விடாமை அதற்குக் காப்பாதல் கூடும் என்பர். இவ்வண்டை 1945-46-இல் கலிபோர்னியாவில் கொணர்ந்துவிட்டனர். அங்கே மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கிய ஹைப்பெரிக்கம் சில ஆண்டுகளில் பெரிதும் அடங்கிற்று. அந்நிலங்களில் செடியைத் தின்ற ஆடுமாடுகளுள் வெண்ணிறத் தோலுடையன வெயிலில் புண்பட்டமையும், கருந்தோலுடையன தப்பியமையும் முன்னரே அறியப்பட்ட செய்தி. வண்டின் ஓடும் ஆட்டின் கருந்தோலும் செய்த உதவி ஒன்றே.

இருளை நாடாத பூச்சியும் உண்டு. அமெரிக்காவில் கேரட்டுக் குடும்பச் செடிகளைத் தின்னும் கருநிற வாலுடை வண்ணத்துப்பூச்சியின் புழு, பட்டப்பகலில் இலைமேல் வெளிப்பட இருந்து தின்கிறது. அதன் உடலின் நொதி, சாந்தோடாக்சினை உடற்றிசுக்களில் சேருமுன்னரே விரைந்து சிதைத்துவிடுகிறது என்று 1983-இல் காட்டினர்; அந்நொதிக்குரிய மரபணுவும் பின்னர் இனங்காணப்பட்டது. இது கருவியையே முறிக்கும் வழி. சூரியன் எவ்வளவு ஏவினும் ஏவலைக் கேட்டற்கு ஆள் இல்லை.

இங்கு வேளாண்மை வினா எழும். இத்தகைய நஞ்சினைப் பயிர்ப் பூச்சிகளுக்கு எதிராகப் பயன்படுத்தலாமோ? வெயிலில் விரைவில் சிதைவதால் நிலத்தில் தேங்காது என்பது இதன் சிறப்பு; அதுவே குறையும் ஆகும், அடிக்கடி தெளிக்க வேண்டியிருக்கும். தண்டு துளைக்கும் புழுவிடத்தும், மண்ணுள் வாழ்வதனிடத்தும், இரவில் மேய்வதனிடத்தும் இதன் ஆற்றல் செல்லாது. மேலும், தெர்தையனில் வெயிலில் கொசுப்புழுவைக் கொல்வதுபோலவே மீனையும் தவளையின் தலைப்பிரட்டையையும் கொல்லும். குளத்தில் தெளிப்பார் இதனை மறத்தலாகாது. 1990-களில் பிளாக்சின்-பி என்னும் சிவப்புச் சாயத்தை இனிப்பு இரையோடு கலந்து, ஹவாயிலும் குவாத்தமாலாவிலும் பழ ஈக்களுக்கு வைத்துச் சோதித்தனர். தானே வந்து உண்ணும் ஈயின் உடலில் மட்டும் சாயம் புகுமாறு செய்தமையால், இம்முறை நீரிற் கலப்பதனினும் நன்று என்பது என் கருத்து.

சோரலினைப் பற்றியோ, யான் இன்னும் கடுமையாகவே கூறுவேன். மரபிழையைத் தைக்கும் பொருள் புழுவினுடையது, மனிதனுடையது என்று வேறுபாடு பாராது. 1961-இல் அமெரிக்காவில் செலரி அறுவடை செய்த தொழிலாளரின் கைகளில் வெயில் பட்டுக் கொப்புளம் எழுந்தமை மருத்துவ இதழில் விளக்கப்பட்டது. நோயுற்ற செலரித் தண்டில் சோரலின் இனப்பொருள்கள் பெருகியிருத்தலே காரணம். 1980-களில் பூச்சியைத் தாங்கும் வகையாகப் பொறுக்கி வளர்த்த செலரி ஒன்றில் இப்பொருள்கள் மிகுந்திருந்தமையால், அதனைக் கையாண்ட கடைத் தொழிலாளர்க்கும் கையில் புண் உண்டாயிற்று. பூச்சி தின்னாத பயிர் என்று பாராட்டப்பட்டதன் விலையை, அதனை நாள்முழுதும் தொட்டு அடுக்கியவர் தம் தோலால் செலுத்தினர். ‘இயற்கைப் பூச்சிக்கொல்லி’ என்று ஒரு பொருளைப் புகழ்ந்து எழுதும் தமிழ் நூல்கள் இன்று பல வருகின்றன. இயற்கை என்னும் அடைமொழி, தீங்கின்மைக்குச் சான்றாகாது என்பதனை அந்நூலாசிரியர்க்கு இச்செலரியே கூறும். நம் உழவர் தக்காளிக்கு ஓரப்பயிராகத் துலுக்கச் சாமந்தி நடுதலும் பலரால் இந்நஞ்சோடு இணைத்துப் பேசப்படுகிறது. அது பெரும்பாலும் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியைத் தன்பால் ஈர்க்கும் பொறிப்பயிராகவே நடப்படுவது. ஒளிவினைக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை.

சுவடி பதிப்போர்க்கு ஒரு சொல். வெண்படைக்கு மருந்து கூறுமிடத்து வெயிலில் இருக்குமாறு கூறுதல் பழைய மருத்துவ மரபில் உண்டு. சரகரின் நூலில், பேயத்திச் சாற்றை வெல்லத்தோடு உண்டு வெயிலில் இருக்க வேண்டும் என்னும் விதி உள்ளது. அத்தி இனத்தில் சோரலின் இருத்தலை மேலே கண்டோம். எகிப்தில் அம்மி என்னும் செடியின் விதையும் இதே நோய்க்கு வழங்கி வந்தது. 1940-களின் பிற்பகுதியில் எல்-மொஃப்ட்டி என்னும் மருத்துவர், அதிலிருந்து எடுத்த சாந்தோடாக்சினை நோயாளர்க்குக் கொடுத்து வெயிலில் இருக்கச் செய்தார். 1974-இல் அமெரிக்க மருத்துவர் இதே இணையைச் செதிள்படை நோய்க்குப் புற ஊதா விளக்கோடு பயன்படுத்தினர். ஆகவே ஒரு சுவடியில் மருந்தின் பெயரும் அளவும் நின்று, வெயில் பற்றிய சொல் சிதைந்திருக்குமாயின், அதனைச் சிறப்பில்லாத சொல்லாகக் கருதி விட்டுவிடாது, பாடவேறுபாட்டில் குறித்தல் வேண்டும். ஏடெழுதினோர் பிழையென்று நாம் நீக்குவது, மருந்தின் செம்பாதியாக இருத்தல் கூடும்.

மீண்டும் கலைச்சொல்லுக்கு வருவோம். ‘ஒளிநஞ்சு’ என்பதனை ஆறாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் வரும் பிழையை முன்பே கண்டோம். பண்புத்தொகையாக்கி ‘ஒளியாகிய நஞ்சு’ என்றால் அதனினும் பிழை. வினைத்தொகையாகவும் அது விரியும்: ஒளிந்த நஞ்சு, ஒளிகின்ற நஞ்சு, ஒளியும் நஞ்சு. வெளிச்சத்தையும் மறைதலையும் ஒரே ஒலியால் குறிக்கும் நம் மொழியில், இருளில் மறைந்திருக்கும் இந்நஞ்சிற்கு அவ்விரட்டுறல் வியப்பூட்டும் அளவிற்குப் பொருந்துகிறது. புலவர்க்கு அது நயம், மாணவர்க்கு இடர். கலைச்சொல்லில் இரட்டுறல் வேண்டா என்பது என் துணிபு. ‘ஒளியால் ஆகும் நஞ்சு’ என்று விரித்தெழுதின் கருத்துத் தெளிவு. ஆனால் பாடநூலில் ஒரு பக்கத்தில் இருபது முறை எழுதல் இயலாது. ‘ஒளியேவு நஞ்சு’ என்று நண்பர்க்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒளி ஏவியதால் நஞ்சாயது என்பது பொருள். அதனுள் தெர்தையனிலைத் ‘துணைக்கருவி நஞ்சு’ என்றும், சோரலினை ‘முதற்கருவி நஞ்சு’ என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

நண்பர் ஏற்றுக்கொண்டார், ஒரு தடையையும் எழுப்பினார். துலுக்கச் சாமந்தியின் வேர் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கு ஒளி ஏது? நூற்புழு எவ்வாறு இறக்கிறது? கோமர்சும் அவருடன் உழைத்தோரும் இவ்வினாவைத் தாமே எழுப்பி, வேரின் நொதிகள் ஒளியின் இடத்தில் நின்று தெர்தையனிலைக் கிளர்த்துதல் கூடும் என்று கருதினர். ஒளியின்றியே அது நூற்புழுவின் தோலைக் கடந்து உட்புகுந்து கேடு செய்கிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவ்வாறாயின், ஒரே செடியின் ஒரே பொருள், பூவிலும் இலையிலும் ஒளியேவு நஞ்சு. வேரில் அப்பெயர் பொருந்தாது. வேரில் உள்ளதற்கு என்ன பெயர் இடுவது என்று நண்பர் கேட்டார். இம்முறை யான் உடனே விடை கூறவில்லை.